ஆங்கிலம் பேசிய காசியப்பன்

மாத்தளை மாவட்டத்தின் இரண்டு போர்க்கதைகளைப் படமாக்கியவர் ஒருவரே. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1970களின் நடுவில் சிகிரியாவின் காசியப்பனை வைத்து ‘த கோட் கிங்’ என்ற படத்தை எடுத்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தை வைத்து ‘வீர புரன் அப்பு’ வந்தது. ‘த கோட் கிங்’ பிரித்தானியக் கூட்டுத் தயாரிப்பு. காசியப்பனாக நடித்தவர் லீ லோசன் என்ற ஆங்கிலேய நடிகர். ஐந்தாம் நூற்றாண்டு அநுராதபுரத்து இளவரசனும் அவனுடைய தளபதியும் அதில் ஆங்கிலத்தில்தான் சதி செய்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள்.

இதில் பிழை பிடிக்க வரலாற்றுப் பேராசிரியர் வேண்டியதில்லை. பாடசாலைப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவரே போதும். ஆனாலும் போர்ப்படம் என்றால் சனம் வருகிறது. யானை பிளிறுகிறது, கொடி சாய்கிறது, தோற்றவன் தலை நிமிர்ந்து நிற்கிறான், பார்ப்பவருக்குப் புல்லரிக்கிறது. “உண்மையில் இப்படியா நடந்தது?” என்ற கேள்வி வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் எழுகிறது. புல்லரிப்பும் கேள்வியும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. எந்தப் பிழை எந்த வகை என்று தரம் பிரிக்கத் தெரிந்தவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தரம் பிரிப்பைப் பழக மாத்தளையைப் போல வசதியான மாவட்டம் இலங்கையில் வேறில்லை என்றே சொல்லலாம்.

சினிமா பிறப்பதற்கு முன்பே இங்கே போர்ப்படம் இருந்தது. தம்புள்ளை மலைவிகாரையின் இரண்டாவது குகையில் சிங்கள இளவரசன் துட்டகைமுனுவும் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனும் யானைமேல் மோதும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் கணக்கின்படி அந்தப் போர் நடந்தது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில். குகையில் இன்று தெரியும் ஓவியங்களில் பெரும்பாலானவை கி.பி. 18ஆம் நூற்றாண்டுக் கண்டி மரபைச் சேர்ந்தவை. இடையில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகள். எல்லாளன் எப்படி உடுத்தினான், என்ன ஆயுதம் பிடித்தான் என்பதற்கு ஓவியனிடம் எந்தச் சான்றும் இருந்திருக்க முடியாது. தன் காலத்துக் கண்ணுக்கு அரசன் எப்படித் தெரிவானோ அப்படித் தீட்டினான். அதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கிறார்கள்.

எல்லாளன் 44 ஆண்டுகள் நீதி வழுவாமல் ஆண்டான் என்று எழுதியது எதிர்த்தரப்பின் நூலான மகாவம்சமே. விழுந்த எதிரிக்கு நினைவிடம் கட்டி, அதைக் கடக்கும்போது மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று வென்றவன் கட்டளையிட்டதையும் அதே நூல் சொல்கிறது. சுவரோவியத்தில் இருப்பதோ யானையும் யானையும் முட்டும் ஒரு கணம். அந்தக் கணத்துக்கு முந்திய 44 ஆண்டுகளைச் சுவரில் தீட்டுவது கடினம். திரையில் காட்டுவதும் கடினம். போர்க்கதையைப் படமாக்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் இடர் இதுதான்.

தம்புள்ளையிலிருந்து சிகிரியா பக்கம். சுற்றுப்புறத்துக்கு மேல் ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்தப் பாறையின் கதையை, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்லும் விதத்தில் எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கை வைக்கத் தயங்க வேண்டும். தாதுசேனன் அநுராதபுரத்தை ஆண்ட பாண்டிய வழி அரசர்களை வென்று முடி சூடியவன். கலாவெவ என்ற மாபெரும் குளத்தைக் கட்டியவன். அவனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் காசியப்பன், அரச குலம் அல்லாத மனைவிக்குப் பிறந்தவன். முகலன் பட்டத்தரசியின் பிள்ளை. தாதுசேனனின் மகள் அவனுடைய சகோதரி மகனும் தளபதியுமான மிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மிகாரன் அவளைக் குற்றமில்லாமலே சவுக்கால் அடித்தான். இரத்தம் படிந்த மகளின் ஆடையைக் கண்ட அரசன் மிகாரனின் தாயை, அதாவது தன் சொந்தச் சகோதரியை, எரித்துக் கொன்றான். அங்கே மூண்ட பகைதான் காசியப்பனின் கையில் அரசைக் கொண்டுவந்து கொடுத்தது.

செல்வத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டுத் தந்தையைத் துன்புறுத்துகிறான் மகன். தாதுசேனன் கலாவெவவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறான். குளத்தில் இறங்கிக் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, தன்னிடம் உள்ள செல்வம் இவ்வளவுதான் என்கிறான். பின்னர் அவனைச் சுவரோடு சேர்த்துப் பூசிக் கொல்கிறார்கள். முகலன் கடல் கடந்து இந்தியா போகிறான். 477 முதல் 495 வரை காசியப்பன் ஆள்கிறான். பாறையின்மேல் மாளிகை எழுகிறது. பதினெட்டாம் ஆண்டில் முகலன் திரும்புகிறான். போர்க்களத்தில் காசியப்பன் ஏறிய யானை முன்னால் சதுப்பு நிலத்தைக் கண்டு வேறு வழி பிடிக்கத் திரும்புகிறது. அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறி ஓடுகிறது. தனித்து நின்ற காசியப்பன் குறுவாளால் தன் கழுத்தை அறுத்து, வாளை மேலே உயர்த்திக் காட்டி, உறையில் போட்டுவிட்டு விழுகிறான்.

அந்த யானை திரும்பும் கணம் படத்தில் எப்படி வருகிறது என்பதைவிட, காசியப்பன் எந்த மொழியில் பேசினான் என்பதைப் பெரிதுபடுத்துபவர் கதையின் உயிரைத் தவறவிட்டவர். ஒரு விலங்கு சேற்றுக்கு ஒதுங்கியதால் ஓர் ஆட்சி முடிந்தது என்பதே அதிலுள்ள உண்மை. அதை ஆங்கிலத்திலும் சொல்லலாம், சிங்களத்திலும் சொல்லலாம், வசனமே இல்லாமலும் காட்டலாம்.

வேறொரு சிக்கலும் உண்டு. படத்தை எதனோடு ஒப்பிட்டுப் பிழை சொல்வது? சூளவம்சத்தின் இந்தப் பகுதி எழுதப்பட்டது காசியப்பன் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, எழுதியவர்கள் பிக்குகள். தந்தையைக் கொன்றவனை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். முகலன் தென்னிந்தியாவிலிருந்து பெரும்படை கொண்டுவந்தான் என்றே பலரும் நினைக்கிறார்கள். நூலிலோ அவன் பன்னிரண்டு நண்பர்களோடு வந்து, படையை இங்கேதான் திரட்டுகிறான். பாறைமேல் இருந்தது அரச மாளிகையா, விகாரையா என்றே அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. செல்வக் கடவுளான குபேரனின் நகரைப் பூமியில் படைக்கக் காசியப்பன் முயன்றான் என்றார் தொல்லியலாளர் பரணவிதான. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பழங்காலத்தில் வந்துபோனவர்கள் கிறுக்கிய 685 பாடல்களைத் தேடிப் படித்து 1956இல் பதிப்பித்தவரும் அவரே. அவற்றை எழுதியவர்களைப் பெரும்பாலும் மயக்கியது பாறையில் தீட்டப்பட்டிருந்த பெண்கள்தான். கொலையும் போரும் அவர்களை அவ்வளவாக உறுத்தியதாகத் தெரியவில்லை. சிகிரியாவைப் பார்த்துத் தனக்குப் பிடித்த கதையைச் சொல்லும் பழக்கம் சினிமாவோடு தொடங்கியதல்ல.

1848 வேறு மாதிரி. அங்கே சான்று நிறையவே இருக்கிறது. கடிதம், வழக்கு விசாரணை, லண்டன் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை எல்லாம் அச்சில் உள்ளன. ஆகவே பிழையையும் துல்லியமாக அளக்கலாம்.

ஆளுநர் டொரிங்டன் பிரபு 1847இல் வந்தார். கோப்பி விலை விழுந்து கருவூலம் காலியாகிக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டு புதிய வரிகள் வந்தன. துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ், நாய்க்கு 1 சிலிங். கடைக்கும் படகுக்கும் வண்டிக்கும் தனித்தனி. ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். நாய்க்கு வரி என்றதும் இன்று சிரிப்பு வரலாம். காட்டோரத்தில் பயிர் காக்கும் குடியானவனுக்கு நாயும் துப்பாக்கியும்தான் வேலி.

1848 ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடி சூட்டப்பட்டார். புரன் அப்பு அவருடைய முதன்மைத் துணைவர். ஜூலை 28ஆம் திகதி கூட்டம் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. கச்சேரியில் இருந்த வரிப் பதிவேடுகள் சில அழிந்தன. மறுநாள் கண்டி மாவட்டத்தில் இராணுவச் சட்டம். அதே நாளில் மாத்தளைக்கு அருகே வாரியப்பொல தோட்டத்தடியில் கப்டன் லில்லியின் படை கூட்டத்தைச் சிதறடித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலகத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட பிக்கு கூடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டது அதே மாதம் 26ஆம் திகதி. எல்கடுவப் பக்கம் ஒளிந்திருந்த பண்டா செப்டெம்பரில் பிடிபட்டார். தூக்குத் தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டு மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

இதைப் போர்ப்படமாக எடுப்பவருக்கு உள்ள சங்கடம் வெளிப்படையானது. இதில் பெரிய போர் ஒன்றும் இல்லை. முடிசூட்டுக்கும் சிதறலுக்கும் நடுவே மூன்றே நாள். ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த அடக்குமுறையில் அரசுப் படையில் காயப்பட்டவர் ஒருவர் மட்டுமே. லண்டனில் டொரிங்டனுக்கு எதிராகக் கேள்வி எழுந்ததற்கும் 1850இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டதற்கும் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா இக்காலக் கடிதங்களைத் தொகுத்து 1965இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கலகம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டார். இது கிளர்ச்சியா, வரி எதிர்ப்புக் குழப்பமா என்ற சந்தேகம் அந்தக் குறிகளுக்குள் இருக்கிறது. படத்தின் சுவரொட்டியில் அப்படிக் குறி போட்டு ஒருவரையும் கொட்டகைக்கு அழைக்க முடியாது.

நாயகனும் ஏட்டில் அவ்வளவு வசதியானவன் இல்லை. புரன் அப்பு கண்டி நாட்டவரே அல்லர். மொரட்டுவையில் 1812இல் பிறந்த கரையோரத்துக்காரர். இயற்பெயர் வீர ஹென்னெதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. பெர்னாண்டோ என்ற பெயரோடு பிறந்தவர் கண்டி அரசை மீட்க வந்தது எப்படி என்பது நல்ல கேள்வி, சுவையான கேள்வியும்கூட. ஆனால் அவரை ஒரு தேசத்தின் நாயகனாக நிறுத்த விரும்பும் படத்துக்கு அது இடைஞ்சல். திஸ்ஸ அபேசேகர திரைக்கதை எழுத, ரவீந்திர ரந்தெனிய புரன் அப்புவாக நடித்தார். இன்று இலங்கையில் புரன் அப்பு என்றதும் பலர் மனதில் வருவது அந்த நடிகரின் முகம்தான். புகைப்படம் இல்லாத மனிதனுக்குச் சினிமா கொடுத்த முகம் அது.

சுடப்படுமுன் புரன் அப்பு காட்டிய துணிவுக்குச் சாட்சி டொரிங்டனே. தன்னைப்போல் இன்னும் அரை டசின் பேர் தலைமை தாங்கியிருந்தால் கண்டி நாட்டில் ஒரு வெள்ளையன் உயிரோடு இருந்திருக்க மாட்டான் என்று புரன் அப்பு சொன்னதாக ஆளுநரின் கடிதம் தெரிவிக்கிறது. போர்ப்படங்களில் எல்லாரும் சந்தேகிக்கும் இடம் மரண நேரத்து வீர வசனம். இங்கேயோ அது எதிரியின் எழுத்திலேயே இருக்கிறது.

இனிப் பிழைகளைத் தரம் பிரிக்கலாம். முதலாவது, ஒப்பனைப் பிழை: உடை, ஆயுதம், மொழி. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் சிவாஜி கணேசன் பேசும் தமிழை, தெலுங்கு வழி வந்த ஒரு பாளையக்காரர் 1798இல் இராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையிடம் பேசியிருக்க மாட்டார். அது சக்தி கிருஷ்ணசாமியின் தமிழ். அந்த வசனத்தை மனப்பாடம் செய்து பாடசாலை மேடையில் முழங்காத தலைமுறை தமிழகத்திலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. 1799 ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டது உண்மை. கிஸ்தி கேட்டவனுக்குப் பணியவில்லை என்பதும் உண்மை. மொழியை மாற்றியதால் அந்த இரண்டும் மாறவில்லை. இந்த வகைப் பிழையை மன்னிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சுருக்கப் பிழை. பல ஆண்டு நிகழ்ச்சிகள் ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்குகின்றன; நான்கு பேர் செய்ததை ஒருவர் செய்கிறார். இரண்டரை மணி நேரத்துக்குள் கதை சொல்ல வேண்டியவருக்கு வேறு வழியில்லை. இருந்தாலும் சிலர் எல்லை தாண்டுவார்கள். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பாலப் போரை (1297) ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில் பாலமே இல்லாமல் எடுத்தார்கள். அந்தப் போரின் வெற்றியே குறுகிய பாலத்தைப் பயன்படுத்திய தந்திரத்தில் இருந்தது. பாலத்தை எடுத்ததும் அறிவால் வென்ற போர் வெறும் ஆவேசத்தால் வென்றதாகிவிட்டது. காசியப்பன் கதையிலிருந்து சதுப்பு நிலத்தை எடுத்துவிடுவதற்குச் சமம்.

மூன்றாவது, எந்தக் கரையில் நின்று பார்ப்பது என்ற பிழை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் நாயகன் வந்தியத்தேவன் மாத்தளைப் பக்கமும் வருகிறான், நாவலில் அந்த ஊர் தம்பள்ளை. சிம்மகிரி என்ற சிகிரியாவைப் பார்க்க வந்த சீன யாத்திரிகர்களின் யானையில் அருள்மொழிவர்மன் பாகன் வேடத்தில் அமர்ந்திருப்பது அந்தப் பகுதியின் மிக அழகான இடம். மணிரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக எடுத்த படத்தில் இலங்கைக் காட்சிகள் பல தாய்லாந்தில் பிடிக்கப்பட்டவை. அது முதல் வகைப் பிழை, விட்டுவிடலாம். நாவலின் அருள்மொழி தன்னைத் தேடி வந்த இலங்கைச் சிங்காதனத்தை மறுக்கிறான். அந்த அருள்மொழிதான் வரலாற்று இராசராசன்; அவனுடைய படை பின்னாளில் இந்த நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றி, பொலன்னறுவையிலிருந்து சோழர் ஆளும்படி செய்தது. தமிழ் வாசகருக்குக் கருணை வடிவான அதே மனிதன், சிங்களப் பாடநூலில் அநுராதபுரத்தை அழித்த படையெடுப்பாளன். இரண்டு மொழியும் புழங்கும் மாத்தளை போன்ற ஊரில் இதை ஒரே தேநீர்க் கடையில் கேட்கலாம். இந்த வகைப் பிழையைத் திருத்த மற்றக் கரையின் படத்தையும் பார்ப்பது ஒன்றே வழி.

தோட்டத்து மக்களுக்கு இந்த இரட்டைப் பார்வை புதிதில்லை. மலையகத்தில் பொன்னர் சங்கர் கூத்து உண்டு. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் உண்டு. பொன்னர் சங்கர், அண்ணன்மார் இருவரின் அசல் போர்க்கதை. அடுத்த லயத்து ஆள்தான் சங்கர் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். கையில் இருப்பது தகரமோ பலகையோ என்பதும் தெரியும். அண்ணன்மார் களத்தில் விழும் இடத்தில் அழுகை தானாக வருகிறது. விடிந்ததும் அந்தச் சங்கர் தோட்ட வேலைக்கான பெரட்டுக்குப் போகிறான். அவனிடம் யாரும் சான்று கேட்பதில்லை. வேஷம் என்பது என்ன, அதற்குள் இருக்கும் உண்மை என்ன என்பதைக் கூத்து பார்த்த கண் பள்ளிக்கூடம் போகாமலே பிரித்துக்கொள்கிறது. சினிமாவில் அது கொஞ்சம் கடினமாவதற்குக் காரணம் சினிமா வேஷத்தை மறைப்பதுதான். இரத்தம் இரத்தம்போலவே இருக்கிறது, கோட்டை கோட்டைபோலவே இருக்கிறது. கண் ஏமாறும்போது நினைவும் சேர்ந்து ஏமாறுகிறது.

இதை அளந்து பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அண்ட்ரூ பட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சரியான வரலாற்றுக் கட்டுரையைக் கொடுத்து, அதே நிகழ்ச்சி பற்றிய திரைப்படத் துண்டையும் காட்டினார்கள். படம் கட்டுரையோடு ஒத்துப்போன இடங்களில் நினைவு வெகுவாகக் கூடியது. முரண்பட்ட இடங்களில், சரியானதைக் கையில் வைத்துப் படித்த பிறகும், ஏறத்தாழப் பாதி நேரம் படத்தின் பிழையையே விடையாக எழுதினார்கள். படத்தில் தவறு இருக்கலாம் என்ற பொது எச்சரிக்கை பயன்படவில்லை. இன்ன இடத்தில் இன்னது தவறு என்று குறிப்பாகச் சொன்னபோது பிழை வெகுவாகக் குறைந்தது.

தொடக்கத்தில் ஓடும் ‘இது கற்பனை கலந்தது’ என்ற வரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம். வீட்டில் பிள்ளைகளோடு படம் பார்ப்பவர் “இதெல்லாம் பொய்” என்று பொதுவாக அலுத்துக்கொள்வதைவிட, “முகலன் வந்தது பன்னிரண்டு பேரோடு” என்று ஒரு வரி சொன்னால் போதும். அது படத்தைக் கெடுக்காது. பன்னிரண்டு பேரோடு வந்தவன் எப்படிப் படை திரட்டினான் என்ற அடுத்த கேள்வி படத்தைவிடச் சுவையாகவும் இருக்கக்கூடும்.

நான்காவது வகைப் பிழைதான் கனமானது. அது திரையில் தெரியவே தெரியாது. ஏனென்றால் அது ஆட்களைக் காட்டாமல் விடும் பிழை. இதற்குப் பேர்பெற்ற உதாரணமும் இலங்கையில் எடுத்த படம்தான். டேவிட் லீனின் ‘குவாய் நதிப் பாலம்’ (1957) கித்துல்கலையில் களனி கங்கைமேல் மரப்பாலம் கட்டி எடுக்கப்பட்டு, ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. உண்மைப் பாலம் இரும்பாலானது. கொமாண்டோக்கள் அதை வெடிவைத்துத் தகர்க்கவில்லை, 1945இல் விமானக் குண்டுகள் சேதப்படுத்தின. அலெக் கின்னஸ் நடித்த கேணல் நிக்கல்சனுக்கும், அந்தப் பாலத்தருகே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய கேணல் டூசிக்கும் குணத்தில் ஒற்றுமை இல்லை. உண்மையில் அந்த ஆற்றுக்குப் பெயரும் வேறு. குவாய் நதி எங்கே என்று பயணிகள் கேட்டு வந்ததால் 1960இல் தாய்லாந்து அரசு ஆற்றின் பெயரையே மாற்றியது. இதுவரை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

அந்தப் பாலம் இருந்த, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் சயாம்–பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர் பல்லாயிரம். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் அவர்களை எழுதினார். லீனின் படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. பாலம் மரமா இரும்பா என்று வாதிடுபவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இந்த இல்லாமையைக் கவனிப்பவர்கள் குறைவு. விசில் அடித்துக்கொண்டு கைதிகள் அணிவகுத்து வரும் அந்தக் காட்சி உலக சினிமாவின் நல்ல காட்சிகளில் ஒன்று என்பதில் மாற்றமில்லை. அதை ரசிக்கலாம், ரசித்துக்கொண்டே அணிக்குப் பின்னால் யாரைக் காணவில்லை என்றும் தேடலாம்.

அந்தக் கண்ணோடு 1848க்குத் திரும்பினால் மாத்தளை வேறு மாதிரித் தெரிகிறது. பண்டா முடி சூடிய தம்புள்ளை, கூட்டம் இறங்கி வந்த மாத்தளை வீதி, இவை வெறும் காடாகக் கிடந்த இடங்கள் அல்ல. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியக் கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த பாதை அதுதான். அந்தப் பத்தாண்டில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் அதில் வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் பாதையோரத்திலேயே பலர் விழுந்தார்கள். 1840களில் மட்டும் 70,000 பேர்வரை மடிந்தார்கள் என்று அந்நாளைய கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849இல் கணக்குச் சொன்னது. லில்லியின் படை சுட்ட வாரியப்பொலவும் கோப்பித் தோட்டமே. கலகக்காரரைச் சுடப் போன படையிலும் வெள்ளையர் மட்டும் இருக்கவில்லை. இலங்கை ரைபிள் படையணியில் பெரும்பாலோர் மலாய்ச் சிப்பாய்கள். வீரனும் துரையும் என்று இரண்டே தரப்பாகச் சொல்லப்படும் கதைக்குள் உண்மையில் இத்தனை பேர் இருந்தார்கள்.

புரன் அப்புவின் கதை சொல்லப்படும்போதெல்லாம் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அதற்குப் படத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. பாடநூலிலும் கலகம் ஒரு பக்கத்தில், தோட்டத்துத் தமிழர் வருகை வேறொரு பக்கத்தில். நாலந்தா கெடிகே போன்ற ஓர் இடத்தில் நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். பல்லவர் பாணியில் கட்டிய பௌத்த ஆலயம் அது. அந்த வழியாகத்தான் கூலித் தொழிலாளர் கூட்டங்களும் நடந்தன. போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்க 1970களின் நடுவில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, பின்னர் மேட்டில் மறுபடி கோத்தார்கள். ‘வீர புரன் அப்பு’ பார்க்கப் போகிறவர் அதற்கு முன்போ பின்போ இந்த வீதியில் ஒருமுறை போய்வருவது நல்லது. கச்சேரித் தாக்குதல் காட்சி வரும்போது, அதே வாரம் அதே பாதையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்த கூட்டத்தைத் தானே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். படம் அப்போது பெரிதாகிறது.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து அந்த முன்னோர் நடந்த வழியில் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்தது. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் அது புறப்பட்டது. கலகக்காரர் மாத்தளைக்குள் நுழைந்து அன்றோடு சரியாக 175 ஆண்டுகள். நடந்தவர்கள் தம்புள்ளையைக் கடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள்.